அந்தக் கோட்டின் நிறம்

திங்கள், 3 நவம்பர்

மழை. காலை முழுக்கப் பன்றிக் கால். அடுத்த கிழமைக்கான சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள், முதல் பக்கம். படத்தில் இறைச்சி இன்னும் கொஞ்சம் சிவப்பாக வேண்டுமாம். சிவப்பாக்கினேன். இப்போது கூடிப்போய்விட்டதாம். இருபது வருடமாக இறைச்சிக்குச் சாயம் பூசித்தான் வயிறு வளர்க்கிறேன், நானோ வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடாதவள்.

ஜெர்மன் முழுக்க வேலைக்குப் போய்விடுகிறது. தமிழ் இந்தக் கொப்பிக்கு.

வேலை முடிந்து வந்தால் வாசலில் பிலோ அக்கா. முழுப் பெயர் பிலோமினா, ஊர் மன்னார். ஆஹெனுக்குப் பக்கத்தில் அகதிகளை வைத்திருந்த கட்டடத்தில், நாங்கள் ஹைம் என்று சொல்வது, அம்மாவுக்கும் எனக்கும் அடுத்த அறை. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு ஏழு. இப்போது இருவரும் ஹம்பேர்க். அவருக்கு முதியோர் இல்லத்தில் வேலை, இடுப்பு, நாரி வலி. (இனி பி.அ. என்று எழுதுகிறேன். கை நோகிறது.)

ஒரு கையில் குடை, மறு கையில் மீன் ரோல்ஸ். ரோல்ஸ் வந்தால் பின்னால் ஏதோ அலுவல் வருகிறது.

"பிள்ளை, நான் பொட்காஸ்ட் தொடங்கப் போறன். நீதான் படம் கீறித் தரவேணும்."

பெயர்: முதல் குளிர். எங்கள் பெண்கள் இங்கே வந்து கண்ட முதல் பனிக்காலத்தை அவரவர் வாயால் சொல்வது. மற்றவர்களின் குரல் எல்லாம் சேர்த்துவிட்டார். முதல் பகுதி இவருடையது, அது மட்டும் முடியவில்லை. உடுப்பு அலுமாரிக்குள் கதிரை போட்டு, ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் இருந்து பேசுகிறாராம். எதிரொலி வராதாம்.

வெளியீடு 30ஆம் திகதி, கிறிஸ்மஸுக்கு முந்திய அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிய தேவாலய மண்டபத்தில்.

தேவை:
– சதுர அட்டைப்படம்
– வட்சப்பில் சுற்றவிட ஏழெட்டுப் படம்
– மண்டப வாசலுக்கு ஒரு பெரிய தாள்
– "என்னை வயசு குறைச்சுக் கீறு"

"எத்தினை பேர் கேட்பினம் எண்டு நினைக்கிறியள் அக்கா?"

"ஒராள் கேட்டால் காணும்."

"ஆர் அந்த ஒராள்?"

"ரோல்ஸ் ஆறுது, சாப்பிடு."

மீதி ரோல்ஸ் குளிர்ப்பெட்டியில். நாளை மதியத்துக்கு.


புதன், 5 நவம்பர்

மழை இல்லை, வெளிச்சமும் இல்லை. மூன்று மாதிரி கீறினேன். பனிப்பூ. பெட்டியோடு நிற்கும் பெண். விமானம். மூன்றும் குப்பைக்கு. நாங்கள் எதைத் தொடங்கினாலும் ஒரு பெட்டியும் ஒரு விமானமும் வந்து நிற்கிறது, மரக்கறிக் கடை தொடங்கினாலும் அதுதான்.

இன்னொரு தொல்லை: போனில் இந்தச் சதுரம் பெருவிரல் நகத்தளவுதான் தெரியும். அந்த அளவில் பார்த்தால் பெண்ணும் பெட்டியும் சேர்ந்து ஒரு கறுப்புக் கொழுக்கட்டை. படத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம், பெரிதாக. என்ன ஒன்று?

பின்னேரம் பி.அ. தன் முதல் பனிக்காலப் படத்தைக் கொண்டுவந்தார். ஹைமுக்கு முன்னால், ஒரு காரில் சாய்ந்தபடி. நீளக் கோட், அகலமான கொலர், பெரிய பொத்தான்கள். சினிமாவில் நடிக்க வந்தவர் மாதிரி.

"கார் ஆற்றை அக்கா?"

"ஆருக்குத் தெரியும்? சொந்தக்காரன் வாறதுக்குள்ளை எடு எடு எண்டு எடுத்தது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். அது அம்மாவின் கோட். போய்ப் பழைய படங்கள் ஒட்டிய அல்பத்தை எடுத்துவந்தேன். அம்மா, அதே கொலர், அதே பொத்தான், கோட்டின் கையைப் பிடித்தபடி முன்பல் இல்லாத நான்.

பி.அ. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அம்மான்ரை இல்லைப் பிள்ளை. என்ரையும் இல்லை. அது மலரின்ரை கோட்."

மலர் அக்கா யாழ்ப்பாணம். ஹைமில் பி.அ.வோடு ஒரே அறை. கோட் அவருக்கு அண்ணன் சுவிசிலிருந்து வாங்கி அனுப்பியது. மற்ற எல்லோரும் போட்டது தேவாலயத்தில் சும்மா கொடுத்த பழைய ஜாக்கெட். அதோடு படம் எடுத்து ஊருக்கு அனுப்ப முடியுமா? காணியை விற்று அனுப்பிவைத்தவர்கள் பார்க்கப்போகிற படம். அதனால் படம் எடுக்கிற அன்று ஆளாளுக்கு மலர் அக்காவின் கதவைத் தட்டினார்கள். அவரும் தோளில் போட்டுவிட்டு, கொலரை நிமிர்த்தி, பொத்தானும் பூட்டி அனுப்புவாராம். எடுத்து முடிய, கழற்றி அடுத்த ஆளுக்கு. ஊருக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் ஒருவரும் அதை எழுதவில்லை.

சண்டை வந்தது இப்படி. பி.அ.வின் படம், யாழ்ப்பாணத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த அவரின் தமக்கைக்குப் போனது. தமக்கை வாடகைக்கு இருந்தது மலர் அக்காவின் வீடு இருந்த அதே ஒழுங்கையில். தங்கை ஜெர்மனியில் எப்படி இருக்கிறாள் பாருங்கோ என்று வீடு வீடாகக் காட்டியிருக்கிறார். மலர் அக்காவின் தாய், மகள் அனுப்பிய படத்தில் ஏற்கெனவே கண்டிருந்த கோட்டை அடையாளம் கண்டுவிட்டார். மகள் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் கோட்டை விற்றுவிட்டாள் என்று முடிவுகட்டிக் கடிதம் எழுதிவிட்டார். மகளுக்கு இன்னொரு கோட் கிடைக்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்த்திக்கடன் வேறு.

நான் சிரித்துவிட்டேன். பி.அ. சிரிக்கவில்லை.

"மலர் வந்து சொன்னா, இனி என்ரை கோட்டைத் தொடாதை எண்டு. நீதானே போட்டுவிட்டனி எண்டு நானும் கேட்டனான். அவ்வளவுதான். அடுத்த மாசம் எனக்கு ஹம்பேர்க்குக்கு மாத்தல் வந்திட்டுது."

"ஒரு கோட்டுக்காகவோ அக்கா? இவ்வளவு காலம்?"

"கோட்டுக்காக எண்டால் எப்பவோ கதைச்சிருப்பம்."

மலர் அக்கா இப்போது பிராங்பேர்ட்டில். கலியாணவீடு, செத்தவீடுகளில் தூரத்தில் கண்டிருக்கிறார்களாம். வேறு வேறு மேசை. ஒராள் கேட்டால் காணும் என்றது யாரை என்று விளங்கியது. முதல் பகுதியில் "எங்களிட்டை ஒரு கோட் இருந்தது" என்பது வரை பேசிவிட்டாராம். அதற்கு மேல் அலுமாரிக்குள் குரல் வரவில்லையாம்.


சனி, 8 நவம்பர்

தமிழ்ப் பள்ளிக்குப் போய், வராத ஒரு ஆசிரியைக்குப் பதிலாக வகுப்பு எடுத்தேன். தலையிடி.

பழைய ஹைம் ஆட்களின் வட்சப் குழுவில் "உங்கடை முதல் குளிர்ப் படம் இருந்தால் அனுப்புங்கோ" என்று போட்டிருந்தேன். மத்தியானத்திலிருந்து கொட்டுகிறது. கோட். கோட். திரும்பவும் கோட். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குரல் செய்தி.

"அது நான் ஆசைப்பட்டு வாங்கினது. பேந்து ஆரோ களவெடுத்திட்டாங்கள்."

"எங்கடை இவர் வாங்கித் தந்தது. அவருக்கு அப்பவே நல்ல தெரிவு."

"கனடா மச்சாளுக்குக் குடுத்திட்டன். அவ இன்னும் போடுறா."

ஒரு அண்ணையும் போட்டிருக்கிறார். மீசையும் கோட்டும். பொத்தான், பெண்கள் உடுப்பில் இருக்கும் பக்கத்தில். "இத்தாலிச் சாமான் பிள்ளை, இப்ப உப்பிடி எடுக்க ஏலாது" என்கிறார்.

பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஊரை நம்பவைக்க எடுத்த படத்தைக் காலப்போக்கில் தாங்களே நம்பிவிட்டார்கள். நானும்தானே நம்பினேன்.


ஞாயிறு, 9 நவம்பர்

வெயில்! உடுப்புத் தோய்த்துப் பல்கனியில் போட்டேன். ஒரு மணித்தியாலத்தில் வெயில் போய்விட்டது.

அம்மா போய் இரண்டு வருடம். காலையிலிருந்து அவவோடு மனதுக்குள் சண்டை. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது கேட்டேன், அந்த வடிவான கோட் எங்கே அம்மா என்று. "குடுத்திட்டன்" என்றார். நான் அம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அதில் பொய் ஒன்றுமில்லை. குடுத்துத்தான் விட்டார், படம் எடுத்துப் பத்து நிமிடத்தில்.

ஞாபகம் இருப்பது: கோட்டின் கைக்குள் வழுக்கும் துணி. நான் விரலை உள்ளே விட்டுப் பிடித்திருந்தேன். அதில் பல பேரின் பவுடர் மணம், ஹைம் குசினியின் வெங்காய மணம். அம்மாவின் உதட்டில் யாருடையதோ சிவப்பு. படம் எடுத்தவர் "சிரியுங்கோ, ஊருக்குப் போற படம்" என்றார். அம்மா சிரித்த விதம். அதற்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மற்ற நாட்களில் அம்மா போட்டது ஒரு நீல ஜாக்கெட். இழுத்துப் பூட்டும் சிப் பழுது, ஊசி குத்திப் பூட்டுவார். அந்த ஜாக்கெட்டில் அம்மாவுக்கு ஒரு படம்கூட இல்லை. தேடிப் பார்த்துவிட்டு அழுதேன்.

தோய்த்த உடுப்பு காயவில்லை.


செவ்வாய், 11 நவம்பர்

தன் மேலங்கியைப் பாதியாக வெட்டிப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்த புனிதரின் நாள் இன்று, சின்னப் பிள்ளைகள் கடதாசி விளக்கோடு தெருவில் பாடிப் போகிறார்கள். பார்த்துக்கொண்டிருந்தபோதே அட்டைப்பட யோசனை வந்தது.

கோட் மட்டும். ஆள் இல்லை, முகம் இல்லை. வெறும் கோட், கொலர் நிமிர்ந்து, உள்ளே யாரோ நிற்பது போல. நகத்தளவில் பார்த்தேன், தெரிகிறது! சுற்றவிடும் படங்களுக்குக் குழுவில் வந்தவை. ஒவ்வொரு நாளும் ஒரு ஆள், அதே கோட்.

ஆனால் நிறம்? பழைய படங்கள் வருடம் போகப் போகச் சிவந்துவிடும். அம்மாவின் படத்தில் மண்ணிறம். பி.அ.வின் படத்தில் வைன் நிறம். மீசை அண்ணையின் படத்தில் சாம்பல். குழுவில் கேட்டால் ஆளுக்கொரு நிறம், அடிபடாத குறை. பி.அ. மெரூன் என்று சத்தியம் செய்கிறார். மூன்று நிறத்தில் செய்து பார்த்தேன். மூன்றும் பொய்யாக இருக்கிறது. இறைச்சிக்கு எந்தச் சிவப்பும் பூசுவேன், இதற்கு மனம் வரவில்லை.

பி.அ.வுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"வடிவாய் இருக்குப் பிள்ளை. ஆனால் போட ஏலாது."

"ஏன்?"

"அவவைக் கேளாமல் போட்டால், இவள் இன்னும் என்ரை கோட்டைக் கொண்டு திரியிறாள் எண்டுதான் நினைப்பா. பிறகு நான் செத்தாலும் கதைக்க மாட்டா."

"அப்ப கேப்பம்."

"நீ கேள். நீ சின்னப்பிள்ளை, உன்னோடை கோவிக்க மாட்டா."

நாற்பத்திரண்டு வயதுச் சின்னப்பிள்ளை.


வெள்ளி, 14 நவம்பர்

மரக்கறி. கத்தரிக்காய்க் குழம்பு, கொஞ்சம் உறைப்புக் கூடிவிட்டது.

மலர் அக்காவுக்குப் போன் எடுத்தேன். நம்பர் குழுவில் ஒருவரிடம் வாங்கியது.

"ஆர் கதைக்கிறது?"

அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

"பரிமளத்தின்ரை மகளோ? பல்லில்லாத பெட்டை?"

"இப்ப பல்லிருக்கு அக்கா."

அம்மாவைப் பற்றிக் கேட்டார். வருத்தம், ஆஸ்பத்திரி, கடைசி நாட்கள். செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனது பற்றி இரண்டு முறை சொன்னார். பிறகு நான் விஷயத்துக்கு வந்தேன். பின்னால் டிவி சத்தம் நின்றது.

"எந்தக் கோட்?"

"நிறம்தான் அக்கா தெரியேல்லை. ஆளாளுக்கு ஒண்டு சொல்லினம். மெரூன் எண்டும்..."

"மெரூனோ! ஆர் சொன்னது மெரூன் எண்டு?"

"பிலோ அக்கா."

"அவளுக்கு அப்பவும் கண் தெரியாது."

சிரிப்பு மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன்.

"இஞ்சை பார் பிள்ளை. என்ரை கோட்டைப் போடுறதெண்டால் கேக்கிற ஆள் நேரை வந்து கேக்கோணும். போனிலை தர ஏலாது."

வைத்துவிட்டார். பி.அ.வுக்கு அப்படியே ஒப்புவித்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"கண் தெரியாது எண்டு, பேச்சோடை சிரிச்சவவோ?"

"சிரிச்ச மாதிரித்தான் இருந்தது."

"அப்ப போவம்."


செவ்வாய், 18 நவம்பர்

முதல் ஆலங்கட்டி. சைக்கிள் வேண்டாம்.

சனிக்கிழமை போகிறோம். பி.அ. வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். தலைக்கு மை பூசிவிட்டார், காதிலும் கொஞ்சம். என்ன கொண்டுபோவது என்று மூன்று முறை போன்.

"மலர் இப்பவும் மச்சம் சாப்பிடுறவவோ?"

"எனக்கெப்பிடி அக்கா தெரியும்?"

"எனக்கும் தெரியாது பார்." ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். கடைசியில் மீன் ரோல்ஸும் செய்வது, மரக்கறி ரோல்ஸும் செய்வது என்று தீர்மானம்.

அனுமதி கிடைக்காவிட்டால்? பனிப்பூவைத் திரும்ப எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். பி.அ.விடம் சொல்லவில்லை. அவருக்கு அட்டைப்படமா முக்கியம்.


சனி, 22 நவம்பர்

ரயிலில் எழுதுகிறேன், திரும்பி வரும் வழி. எழுத்து ஆடுகிறது. பி.அ. எதிரே நித்திரை.

காலையில் போகும்போது ரயில் பிந்தியது, வழக்கம்தான். பி.அ. செபமாலையை வெளியே எடுக்காமல் கைப்பைக்குள்ளேயே உருட்டிக்கொண்டு வந்தார். பிராங்பேர்ட்டில் எஸ்-பான் என்ற நகர ரயிலுக்கு மாறி, பிறகு நடை. மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை. இரண்டாம் மாடியில் நின்று, "நான் கீழை நிக்கிறன், நீ போய்க் கேள்" என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன்.

மலர் அக்கா கதவைத் திறந்தார். குள்ளம். தலை முழுவதும் வெள்ளை, மை இல்லை. கட்டிப்பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

தேத்தண்ணி. முழங்கால் வலி, சீனி வருத்தம், யார் யார் செத்தது, ஊரில் இனி ஒருவரும் இல்லாதது. ரோல்ஸ் பெட்டியைத் திறந்து, எது மீன், எது மரக்கறி என்று பி.அ. விளக்கம் சொன்னார். மலர் அக்கா மீனை எடுத்தார். பி.அ.வின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பிறகு மலர் அக்கா எழும்பி உள்ளே போனார். வரும்போது கையில் கோட்.

மேலே வெளுத்து ஒரு பெயரில்லாத நிறம். கொலரைத் தூக்கிப் பார்த்தேன். வெளிச்சம் படாத இடம். பச்சை! நல்ல போத்தல் பச்சை. ஒருவர்கூடப் பச்சை என்று சொல்லவில்லை. கொண்டுபோன நிற அட்டைகளை ஒவ்வொன்றாய்ப் பக்கத்தில் வைத்துச் சரியானதைக் குறித்தேன். பிறகு கோட்டின் கை, பாவாடை சட்டையோடு இந்த நாட்டுக்கு வந்த ஏழு வயசுக்காரி நான் பிடித்துக்கொண்டிருந்தது. திருப்பி உள்ளே பார்த்தேன், துணி கிழிந்திருந்தது, இன்னும் வழுக்கியது. எனக்கு அம்மா வேண்டும் போல இருந்தது.

பி.அ. ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தார். அது மட்டும் கறுப்பு நூலில் தைத்தது.

"இது நான் தைச்சது."

"ஓம். மத்ததெல்லாம் கழண்டு திரும்பத் தைச்சாச்சு. அது கழரேல்லை." மலர் அக்கா கதிரையில் இருந்துகொண்டார். "உனக்கு ஒண்டு தெரியுமோ பிலோ? அம்மா அந்த நேர்த்தியை எங்கையிருந்து வைச்சவ எண்டு? குண்டு விழேக்கை, பங்கருக்குள்ளை இருந்து. தன்ரை உயிரைக் கேக்கேல்லை. எனக்குக் கோட் கேட்டவ."

"எனக்குத் தெரியாது மலர்."

"தெரியாது எண்டு எனக்குத் தெரியும். ஆரோடையாவது கோவிக்கோணும் போல கிடந்தது. பிள்ளையாரோடை கோவிக்க ஏலுமே?"

"அதுக்கு நான்தானோ கிடைச்சன்?"

"பக்கத்துக் கட்டிலிலை நீதானே கிடந்தனி."

இருவரும் அழுதார்கள், சத்தமில்லாமல், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. நான் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கொண்டுபோய்க் கழுவினேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன்.

வந்தபோது பி.அ. கேட்டுக்கொண்டிருந்தார், முறையாக, கதிரை நுனியில் இருந்து, முதலாளியிடம் லீவு கேட்பது போல. "மலர், உன்ரை கோட்டைப் படமாய்ப் போடட்டோ?"

"போடு. ஆனால் கோட் மலருடையது எண்டு எழுதோணும். கொட்டை எழுத்திலை. ஊரெல்லாம் தங்கடை எண்டு சொல்லித் திரியுதுகள்."

நகத்தளவுச் சதுரத்தில் அது எங்கே தெரியப்போகிறது? எப்படியாவது நுழைப்பேன்.

புறப்படும்போது மலர் அக்காவும் கீழே வந்தார், கோட்டோடு. ஒரு படம் எடுக்க வேண்டுமாம். பி.அ.வுக்கு இப்போது அது பூட்டாது. ஒரு கையை மட்டும் உள்ளே விட்டார். மற்றக் கைக்குள் மலர் அக்கா. வீட்டு வாசலில் எடுக்கலாம் என்றேன்.

"இல்லை, அந்தக் கறுப்புக் காருக்குப் பக்கத்திலை நிப்பம். வடிவாய் இருக்கும்."

"ஆற்றை கார்?"

"ஆருக்குத் தெரியும்? நீ கெதியா எடு."

சாய்ந்துகொண்டார்கள். மலர் அக்கா எட்டி, பி.அ.வின் பக்கத்துக் கொலரை நிமிர்த்திவிட்டார். எடுத்தேன். இரண்டாவது எடுக்கும்போது காரின் விளக்குகள் பளிச்சிட்டன. எதிர்ப்பக்கம் ஒரு இளைஞன் கையில் கார்த் திறப்போடு வந்துகொண்டிருந்தான். இருவரும் ஒரே கோட்டுக்குள் மாட்டுப்பட்டபடி ஓட முடியாமல் ஓடி, முழங்கால் வலி எல்லாம் மறந்து, மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா அந்தப் படத்தில் சிரித்தது இப்படித்தான்.

போனை வாங்கிப் பார்த்தார்கள். நல்லாய் வந்திருக்கு என்றார் மலர் அக்கா. பி.அ. பெரிதாக்கிப் பார்த்தார், முகம், கோட், கார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு நிமிர்ந்து மலர் அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப இதை ஆருக்கு அனுப்புறது?"